பள்ளி திறந்த அன்று நெறி பார்த்தார்கள்

கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். நின்றோம்.

தென்னந்தோப்புக்குள் முப்பது பெண்பிள்ளைகள். பள்ளிக் கட்டடத்தில் எலி செத்து விழுந்துவிட்டதால் வகுப்பைத் தோப்புக்கு மாற்றியிருந்தார்கள். வரிசையின் முனையில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஓலைத் தட்டி கட்டியிருந்தது. தட்டிக்குப் பின்னால் நர்ஸம்மா. ஒவ்வொருத்தியாக உள்ளே போய் அக்குளையும் தொடையிடுக்கையும் காட்டிவிட்டு, பாவாடையைச் சரிசெய்துகொண்டு சிரித்த முகமாக வெளியே வந்தாள். அப்படி ஒரு சிரிப்போடு நான் வெளியே வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

காரணம், என் வலது தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு நெறி கட்டியிருந்தது. முந்தின நாள் குளிக்கும்போது நானே தடவிப் பார்த்திருந்தேன். உடம்பும் லேசாகச் சுட்டது.

அந்த வருஷம் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பிளேக். எந்த ஊரில் எலி செத்து விழுகிறதோ அந்த ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு தோட்டம் துரவுகளில் குடிசை போட்டுக்கொள்ளும். நெறி கட்டியவர்களை வாய்க்காலுக்கு அப்பால் ஒரு கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே போனவர்களைப் பற்றி வீட்டில் உள்ளவர்கள் சாப்பிடும்போது பேசமாட்டார்கள்.

காலையில் ஞானம் டீச்சர் பெயர் கூப்பிட்டபோதே பாதி உயிர் போய்விட்டது. மூன்று பெயர்களுக்குப் பதில் இல்லை. முதல் பெயருக்கு டீச்சர் கொஞ்சம் காத்திருந்தார். இரண்டாவதுக்கும் காத்திருந்தார். மூன்றாவதைக் கூப்பிட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் அடுத்த பெயருக்குப் போனார். அடுத்தது என் பெயர். "உள்ளேன்" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

யார் வீட்டுப் பிள்ளை?

இந்தத் தொடரில் போன வாரம் வெளிவந்த பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "நீங்கள் மலையாளியா, தமிழச்சியா? ஒரு வாரம் அப்படி எழுதுகிறீர்கள், ஒரு வாரம் இப்படி எழுதுகிறீர்கள்" என்று கோபமாகக் கேட்டிருந்தார். நியாயமான கோபம்தான். நான் பிறந்தது காஞ்சிரப்பள்ளிப் பக்கம். வீட்டில் பேசியது மலையாளம். அடி வாங்கிப் படித்தது தமிழ். அடி வாங்கிய மொழிதான் கைக்கு வந்தது.

அது எப்படி என்றால், என்னை மாற்றிக்கொண்டார்கள்.

என் அப்பா மிளகும் ஏலமும் வாங்கிக் கிழக்கே அனுப்புகிறவர். அருளப்பன் மாமா காமயகவுண்டன்பட்டியை அடுத்த ஒரு சின்னக் கிறிஸ்தவ ஊர்க்காரர். வண்டி வண்டியாக அரிசி ஏற்றி மலைக்கு வருவார். உறவு ஒன்றும் இல்லை, பல வருஷத்துச் சிநேகிதம். அப்பாவுக்கு, கம்பத்திலிருந்து வரும் தமிழ்க் கடிதங்களைப் பிறத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல இஷ்டமில்லை. மாமாவுக்கு, தன் மூத்த மகள் மதலேன் இங்கிலீஷ் படிக்கவேண்டும் என்று ஆசை. எங்கள் ஊர்க் கன்னியர்மடத்துப் பள்ளியில் அது உண்டு. ஒரு நாள் இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கும் மதலேனுக்கும் ஒரே வயது, ஒன்பது. அவள் மேற்கே போனாள், நான் கிழக்கே வந்தேன்.

"உங்க பிள்ளை கால்ல முள்ளுக் குத்துனா எம் பிள்ளை கால்ல குத்துன மாதிரிண்ணே" என்று மாமா எங்கள் கோயில் வாசலில் நின்று சொன்னார். அப்பாவும் அவர் பங்குக்கு அதையே மலையாளத்தில் சொன்னார். வேறு சாட்சி, காகிதம் எதுவும் கிடையாது.

இந்த வாக்கைப் பெரியவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ, நான் எழுத்துக்கு எழுத்து நம்பினேன். இங்கே நான் அடி வாங்கினால் அங்கே மதலேனுக்கும் அதே அளவு அடி விழும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்காகவே இரண்டு வருஷம் ஒழுங்காக இருந்தேன். அங்கே அவளும் இப்படியேதான் நினைத்திருந்தாள் என்று பிற்பாடு தெரிந்தது.

அந்தக் காலத்தில் குமுளி வரைக்கும் எங்கள் ராஜா, தாண்டினால் வெள்ளைக்காரன் ஆட்சி, வேறு தபால்தலை. வெள்ளைக்காரன் சீமைக்குப் படிக்கப் போயிருக்கிறாள் என்று ஊரில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்களாம். அந்தச் சீமை இந்தத் தென்னந்தோப்புதான்.

ஊசிக்குப் பயந்த மனுஷர்

அருளப்பன் மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆறடி ஆள். மலை இறக்கத்தில் மிரண்டு ஓடிய வண்டிமாட்டைக் கொம்பைப் பிடித்து நிறுத்தியதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்குப் பொரி உருண்டை வாங்காமல் சந்தையிலிருந்து வந்ததில்லை. ஆனால் ஊசி என்றால் அவருக்கு நடுக்கம்.

நான் விடுமுறைக்குப் போயிருந்த சமயம் பிளேக் ஊசி போடுகிறவர்கள் ஊருக்குள் வந்தபோது மாமா சோளக்கொல்லைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். சூசையம்மா அத்தை, அவர் மனைவி, கைக்குழந்தையோடு போய் முதல் ஆளாக ஊசி போட்டுக்கொண்டு வந்தார். "ஊருக்குத்தேன் ஆம்பள" என்று ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தாராம்.

ஊசி போட்டவர்களுக்கு ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டு இல்லாமல் பள்ளத்தாக்கை விட்டு யாரும் மலையேறக்கூடாது என்று உத்தரவு. ரோட்டில் சாவடி போட்டுக் காவல் இருந்தார்கள். சீட்டில்லாதவன் பிடிபட்டால் லாக்கப்.

ஐப்பசி விடுமுறைக்கு நான் ஊருக்குப் போனபோது இந்தச் சாவடியெல்லாம் வரவில்லை. கூட்டிவர மாமா வந்தபோது வந்துவிட்டிருந்தது. மாமா சீட்டில்லாமல், சாவடியைச் சுற்றிக்கொண்டு, காட்டுவழியாக ஏறி வந்திருக்கிறார். அப்பாவுக்கு இது தெரியாது. நோய் எப்படி இருக்கிறது என்று அப்பா கேட்டதற்கு, "ஊர்ல ஒண்ணுமில்லண்ணே. நாலு எலி விழுந்துச்சு, இப்ப அதுவும் நின்னுபோச்சு" என்றார். உள்ளதைச் சொன்னால் அப்பா என்னை அனுப்பமாட்டார், மாற்று முறிந்துபோகும் என்று அவருக்குப் பயம் இருந்திருக்கவேண்டும்.

அப்பா என் தலையில் கைவைத்து, "பேடிக்கண்டா மோளே" என்றார். நான் பயப்படவே இல்லை. மாமாவோடு போகும்போது எனக்கு என்ன பயம்?

அட்டை

ஏறும்போது திருட்டு வழியில் வந்தவர், இறங்கும்போது மட்டும் சாவடி வழியாக எப்படிப் போவார்? குமுளிக்கு இந்தப் பக்கமே வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டோம்.

"ரோட்டுல போனா ஆயிரம் கேள்வி கேப்பாக. இங்கன குறுக்க விழுந்தா ஒரே எறக்கம் ஆத்தா" என்றார்.

மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சருகெல்லாம் ஊறிக் கிடந்தது. அந்தக் காட்டில் அட்டைகள் எத்தனை என்று நடந்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு வலது கால் கட்டைவிரல் இடுக்கில் இரண்டு ஏறிவிட்டன. மாமா ஒரு பாறையில் உட்கார்ந்து, என் காலைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வெற்றிலைப் பெட்டியிலிருந்த சுண்ணாம்பைத் தடவி இரண்டையும் விழவைத்தார். ரத்தம் நிற்கிறவரைக்கும் வேட்டி முனையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வேட்டியெல்லாம் கறை.

கீழே தோட்டங்கள் தெரிய ஆரம்பித்ததும் நின்றார்.

"காட்டுவழியா வந்தோம்னு யார்ட்டயும் மூச்சு விடாத ஆத்தா. தெரிஞ்சா மாமாவைப் பிடிச்சு உள்ள வச்சுருவாக."

"அத்தைட்டயுமா?"

"அத்தைட்டத்தேன் முக்கியமா" என்றார்.

சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அட்டை கடித்த இடம் இரண்டு நாள் அரித்தது. தோட்டத்துக் குடிசையில் படுத்துக்கொண்டு சொறிந்தேன். புண்ணாகி, சீழ் கோத்து, மூன்றாம் நாள் நெறி கட்டியது. எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், அட்டைக்கடி புண்ணானால் நெறி கட்டும் என்று. எனக்கும் தெரியும். ஆனால் எலி விழுந்த ஊரில் நிற்கும்போது, தெரிந்ததெல்லாம் நிச்சயமில்லாமல் போய்விடுகிறது.

தட்டிக்குப் பின்னால்

என் முறை வந்தது. நர்ஸம்மாவின் விரல்கள் பினாயில் நாற்றம் அடித்தன. அக்குளைப் பார்த்தார். பாவாடையை விலக்கித் தொடையிடுக்கைத் தொட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தும் உடம்பு துள்ளிவிட்டது. அவர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"தெரியாது."

"கால்ல எங்கயாச்சும் காயம் பட்டுச்சா? புண்ணு ஏதாச்சும்? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. புண்ணு இருந்தா இது வேற மாதிரி."

அந்தம்மாள் கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது. நல்ல மனுஷி. எனக்கு வழியைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார். நான் அட்டை என்று சொன்னால், சமவெளியில் இருக்கிற பிள்ளைக்கு அட்டை எங்கே கடித்தது என்று கேட்பார்கள். காட்டில் என்றால், எந்தக் காடு என்பார்கள். மாமாவை லாக்கப்பில் வைப்பார்கள்.

"புண்ணு ஒண்ணும் இல்ல" என்றேன். தோப்பு ஈரத்தில் கால்விரல் இடுக்கெல்லாம் சேறாக இருந்தது.

நர்ஸம்மா எழுந்துபோய்ச் சுகாதார இன்ஸ்பெக்டரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். எவ்வளவு மெதுவாகச் சொல்லியும் வரிசை முழுக்கக் கேட்டுவிட்டது. பிள்ளைகள் சிதறினார்கள். நான் நின்ற இடத்தைச் சுற்றி ஒரு களம் அளவுக்கு வெற்றிடம் ஆகிவிட்டது. காலையில் என் தலையைத் தொட்டுப் பின்னலைச் சரிசெய்துவிட்டவள், தன் கையைப் பார்த்துக்கொண்டே பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஞானம் டீச்சர் இரண்டு எட்டு என் பக்கம் வந்தார். இன்ஸ்பெக்டர் "டீச்சர்" என்றதும் நின்றுவிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. கொட்டகைக்குப் போனவர்கள் வரிசையாக மனசில் வந்தார்கள், பெயர் கூப்பிட்டுப் பதில் வராத அந்த மூன்று பேரும் அதில் இருந்தார்கள்.

துணைக்கு ஓராள்

ஆள் அனுப்பியதும் மாமாவும் அத்தையும் ஓடிவந்தார்கள். அத்தையின் இடுப்பில் ஆறு மாசக் குழந்தை சின்னப்பன். எதிரே பத்தடியில் கயிறு கட்டி நிறுத்திவிட்டார்கள்.

"யார் வீட்டுப் பிள்ளை?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"எங்க வீட்டுப் பிள்ளைதேன்" என்றார் அத்தை.

"துணைக்கு ஓராள் போகலாம். போனா பத்து நாளைக்கு வெளிய வரமுடியாது. உள்ள ஏற்கெனவே மூணு பெரியவங்க கெடக்குறாங்க. யாரும் போகலேன்னாலும் பரவாயில்லை, எங்க ஆளு கஞ்சி கொண்டுபோய் வைப்பான்."

நான் மாமாவைப் பார்த்தேன். எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. இதோ சொல்லப்போகிறார், "அட்டைக் கடிய்யா, நாந்தேன் காட்டுவழியா நடத்திக் கூட்டியாந்தேன்" என்று. நான் காட்டிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு இருந்ததை அவர் பார்த்துவிட்டார் அல்லவா? இனி அவர் முறை.

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மறுபடி போட்டுக்கொண்டார். "பச்சப் புள்ளைய்யா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

அத்தை குழந்தையை அவர் கையில் திணித்தார்.

"ஏ கிறுக்கச்சி! பால்குடிப் பிள்ளைய விட்டுட்டா போவ?" என்றார் மாமா.

"எம் மக அங்கன இவுக வீட்டுல கெடக்கா. இந்தப் பிள்ளைய ஒத்தையில அனுப்பிட்டு, நாளைக்கு அங்கன மதலேனுக்கு ஒண்ணுன்னா யாரப் போயி நிக்கச் சொல்ல?" என்றார் அத்தை.

சொல்லிக்கொண்டே கயிற்றைத் தூக்கிக் குனிந்து இந்தப் பக்கம் வந்துவிட்டார். வந்த வேகத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். குழந்தை அழ ஆரம்பித்தது. மாமா வாயைத் திறந்தார், மூடினார். நானும் அப்படியே செய்தேன். அத்தை கயிற்றைத் தூக்கியபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரியவர் இருக்கும்போது பிள்ளை பேசுவதா என்று நின்றேன். பயம்தான், வேறு என்ன?

கயிற்றுக்கு உள்ளே

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பிழைத்தது இதை எழுதுவதிலேயே தெரியும். அத்தையும் பிழைத்தார், குழந்தையும் பிழைத்தது. உங்களை அந்தக் கவலையில் தவிக்கவிட எனக்கு மனசில்லை. ஆனால் அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்குமே அது தெரியாது.

கொட்டகையில் சுண்ணாம்பு வாடையும் பினாயில் வாடையும் சேர்ந்து அடித்தன. மூலையில் ஒரு கிழவர் தண்ணீர் தண்ணீர் என்று முனகிக்கொண்டிருந்தார். மற்ற இரண்டு பேரும் முனகக்கூட இல்லை. கிட்டப் போகக்கூடாது என்று சொல்லியிருந்தும் அத்தை கொட்டாங்கச்சியில் தண்ணீர் எடுத்துப்போய் அவர் வாயில் ஊற்றிவிட்டு வந்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஜெபங்களை முதலில் மலையாளத்திலும் பிறகு தமிழிலும் சொன்னேன். எது வேலை செய்யும் என்று தெரியவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு அத்தை என் காலைக் கழுவிவிட உட்கார்ந்தார். சேறு போனதும் விரல் இடுக்கைப் பார்த்தார்.

"இது என்ன புள்ள?"

சொல்லிவிட்டேன். காடு, பாறை, சுண்ணாம்பு, வேட்டிக் கறை, எல்லாம் சொன்னேன்.

"காலையில ஏன் சொல்லல?"

"மாமா சொல்லக்கூடாதுன்னாக."

"மாமா அங்கனதான நின்னாக?"

"ஆமா."

அத்தை என் காலைக் கீழே வைத்தார். அவர் ரவிக்கையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. காலையிலிருந்து பால் கட்டிப்போய்த் தானாகவே வழிந்துகொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்க என்னவோபோல் இருந்தது. இத்தனைக்கும் காரணம் நான் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மாமா கஞ்சித் தூக்கோடு வந்து கயிற்றுக்கு அப்பால் நின்றார். தோளில் குழந்தை. அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. அத்தை கயிறு வரைக்கும் போனார். நான் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

"பிள்ளைக்கு அட்டை கடிச்சது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அத்தை.

பிளேக் கொட்டகைக்குள் நின்றுகொண்டு, நான் பிளேக்குக்குப் பயப்படவில்லை. மாமா என்ன சொல்லப்போகிறார் என்றுதான் பயந்தேன். அவர் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அட்டையா? நாங்க சாவடி வழியாத்தான வந்தோம். காய்ச்சல்ல பிள்ளை ஒளறுது" என்றார்.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"கஞ்சிய வச்சுட்டுப் போங்க. ஆட்டுப்பால்ல பாதிக்குப் பாதி தண்ணி ஊத்திக் காச்சி, துணியில நனச்சு வாயில வைங்க. சூடு பாத்து வைங்க."

மாமா போனார். குழந்தையின் அழுகை வாய்க்காலைத் தாண்டி, தோட்டத்தைத் தாண்டிப் போகிறவரைக்கும் அத்தை நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்காமல் போனதும் உள்ளே வந்து சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பாலைப் பீய்ச்சித் தரையில் விட்டார்.

"நான் ஒளறல அத்தை."

"தெரியும்."

முந்தானையால் துடைத்துக்கொண்டு என் பைக்கட்டைக் காட்டினார். பள்ளிக்கென்று காலையில் எடுத்துவந்தது.

"நோட்டும் பென்சிலும் இருக்கா?"

"இருக்கு."

"உங்கப்பாவுக்கு ஒரு கடுதாசி எழுது. எம் மகளைக் கூட்டியாந்து விடச் சொல்லு. அப்படியே உன்னையும் கூட்டிட்டுப் போகச் சொல்லு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "எங்கப்பா மதலேனை நல்லா வச்சிருக்காக அத்தை."

"மாமாவும் உன்னைய நல்லாத்தேன் வச்சிருந்தாக" என்றார் அத்தை. "இன்னைக்குக் காலை வரைக்கும்."

நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டேன். எங்கப்பா மாமா மாதிரி மதலேனைக் கைவிடமாட்டார் என்று சொல்வதற்காக வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. அப்பாவை நினைத்து நான் பயந்தது அதுதான் முதல் தடவை.